மூன்றாம் அத்தியாயத்துக் குறட்டை

"இந்த மூணாவது அத்தியாயத்துல, கருத்தரங்கு நடக்கறப்போ குறட்டை விடுறானே ஒரு புரொபசர், அது யாருய்யா?"

துறைத்தலைவர் ஹக்கெட் டீ அறை மேஜைமேல் நாவலைத் தூக்கிப் போட்டார். டெரிக் ஆஷ்வெல்லின் பிஸ்கட் டீக்குள் விழுந்து கரைந்தது.

எழுதியது அவன்தான், புனைபெயரில். ஆங்கில இலக்கியத் துறையில் மூன்று வருஷமாகத் தற்காலிக விரிவுரையாளன். வேலை நிரந்தரமா இல்லையா என்று வெள்ளிக்கிழமை கமிட்டி சொல்லப்போகிறது. கமிட்டிக்குத் தலைவர் யார் என்கிறீர்கள்? இதே ஹக்கெட்.

"நிச்சயமா நீங்க இல்ல சார். வரலாற்றுத்துறை விட்லோவா இருக்கும்," என்றான் டெரிக்.

ஹக்கெட் அந்தச் சந்தோஷத்தைச் சுடச்சுட விட்லோவிடமே போய்ப் பகிர்ந்துகொண்டார். மறுநாள் காலை விட்லோ டெரிக்கின் அறை வாசலில் நின்றார்.

"குறட்டை விடுறது நானாமே? எழுதினவன் மட்டும் கையில கிடைச்சான், தொலைஞ்சான்."

டெரிக் வாயில் வந்ததை அவிழ்த்துவிட்டான்.

"கோவிச்சுக்காதீங்க சார். லண்டன் பத்திரிகையெல்லாம் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடுது. எழுதினவர் பெரிய மேதையாம். நம்ம புரொபசர்கள்லயே யாரோ ஒருத்தர்னு பேசிக்கிறாங்க."

"அப்படியா பேசிக்கிறாங்க?" விட்லோ டையைச் சரிசெய்துகொண்டு போனார். சாயங்காலத்துக்குள் டீ அறை முழுக்க அதே பேச்சு. நாவலைத் திட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

ஆனாலும் நம்ம ஆளுக்குப் பயம் தெளியவில்லை. எதற்கு வம்பு என்று கையெழுத்துப் பிரதி, பதிப்பாளர் கடிதம் எல்லாவற்றையும் கணப்பில் போட்டுக் கொளுத்தினான். பதிப்பாளருக்கும் போன் போட்டு, யார் கேட்டாலும் தன்னைத் தெரியவே தெரியாது என்று சொல்லிவிடும்படி கெஞ்சினான்.

வெள்ளிக்கிழமை கமிட்டியில் ஹக்கெட் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"மூணு வருஷமாச்சு. ஒரு புத்தகம் உண்டா? அஞ்சு மணிக்குள்ள வெளியீட்டுப் பட்டியல்ல ஏதாவது எழுதிக் குடு. இல்லேன்னா வேற வேலை பாத்துக்கோ."

அடுத்த மாசம் டெரிக்கின் மனைவிக்குப் பிரசவம். மானமாவது மண்ணாவது என்று துறை அலுவலகத்துக்கு ஓடினான். பட்டியலை முழங்கைக்கடியில் வைத்துக்கொண்டு செயலாளர் மிஸஸ் ஹிபர்ட் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்.

"மிஸஸ் ஹிபர்ட், அந்த நாவல் இருக்கே, அதை எழுதினது நான்தான். சத்தியமா."

அவர் கை ஊசியை நிறுத்தவே இல்லை.

"கடைசியில உங்க பேரையும் சேத்துக்குங்க தம்பி, இன்னிக்கு நீங்க அஞ்சாவது ஆள், காலையில கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்னது புரொபசர் ஹக்கெட்."