சிரிக்காத பெரியப்பாவும் ஆறுக்கு நாலு பேனரும்

சனிக்கிழமை எனக்கிருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. பெரியப்பாவுக்கு ஒரு பேனர் அடிச்சு வாங்கி, பதினோரு மணிக்குள்ள வாசல்ல கட்டணும்.

அவ்வளவுதான். மூளை தேவைப்படாத வேலை. அதனாலதான் என்கிட்ட கொடுத்தாங்க.

பெரியப்பா பேரு சூசை. எங்க ராயபுரம் தெருவுக்கே 'சூசை நைனா'. சரக்கு ரயில்ல கார்டா இருந்து ரிட்டயர் ஆனவர். கார்டுக்கு இடம் கடைசிப் பெட்டி. முப்பத்தஞ்சு வருஷம் எண்ணூர் நிலக்கரிக்குப் பின்னாடி, வந்த வழியையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார். "எந்த ஊரையும் வர்றப்போ பாத்ததில்லடா. பூட்டப்புறம்தான் பாப்பேன்"னு சொல்லுவார்.

அதனால அவருக்கு ஒரே ஆசை. ஒரு தடவையாவது பயணியா, பெரிய ஜன்னலாண்ட, முன்னாடி பாத்து உக்காந்து போகணும்.

அதுக்கு கும்மிடிப்பூண்டி லோக்கலே போதும்னு சொல்லிப் பாத்தோம். கேக்கல. சுவிட்சர்லாந்துதான் வேணுமாம். ஒரு வாரம். தினம் ஒரு மலை ரயில். நடுவுல ஏரி. கூரை வரைக்கும் கண்ணாடி வச்ச பெட்டி.

யானைக்கவுனியில டூர் ஆபீஸ் வச்சிருக்கிற மகேந்தர் சேட்டுதான் ஏற்பாடு. பெரியம்மாவும் கூடப் போறாங்க. ரெண்டு பேருக்கும் விசா வந்தாச்சு. முன்னாடி பாத்த ஜன்னல் சீட்டு பெரியப்பா பேருக்குப் போட்டாச்சு. சனிக்கிழமை பதினோரு மணிக்கு சேட்டு வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்கிக்கிட்டு டிக்கெட்டைக் கொடுப்பார். பன்னெண்டு மணிக்கு லிஸ்டை மூடிடுவார். வெயிட்டிங்ல ஆளுங்க விசாவோட காத்துக்கிட்டிருந்தாங்க.

இதுல பேனர் எங்க வந்துச்சுன்னா, எதிர் வீட்டு மரியதாஸ் மாமாவால வந்துச்சு.

"அவன் மூணு நாளு மலேசியா போனதுக்கே பேனர் வெச்சான்டா. நான் ஏழு நாளு போறேன். இன்னா, திருட்டுப் பூனை மாதிரி போவணுமா? சேட்டு வர்றப்போ வாசல்ல பேனர் இருக்கணும். சேட்டும் பாக்கட்டும்!"

உள்ள ஊறுகாய் பாட்டிலுக்குப் பிளாஸ்டிக் கவர் சுத்திக்கிட்டிருந்த பெரியம்மா குரல் கொடுத்தாங்க. "உனக்குப் பேனரு ஒரு கேடு! உள்பனியனு ரெண்டு வாங்கினு வான்னா காதுல வுழல."

பெரியப்பா முடிவெட்டக் கிளம்பினார். நான் பேனர் கடைக்குக் கிளம்பினேன்.

கடைக்காரர் குமாரண்ணன். ஏரியாவுல காதுகுத்துல இருந்து கட்சி மாநாடு வரைக்கும் எல்லாம் அவர் கைதான். கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டார். "போட்டோ கீதா?"

இருந்துச்சு. ஒரே ஒரு போட்டோ. விசாவுக்கு எடுத்தது.

விசா போட்டோவுக்குச் சட்டம் உண்டு. சிரிக்கக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது. நேரா பாக்கணும். ஸ்டூடியோக்காரர் மூணு தடவை "சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க"ன்னு மிரட்டினதுல, தன்னோட துக்கச் செய்தியைத் தானே கேள்விப்பட்டவர் மாதிரி பெரியப்பா பாத்துக்கிட்டிருந்தார்.

"எங்க போறாரு நைனா?"

"சுவிட்சர்லாந்துண்ணா. பனிமலை, ஏரி, ரயிலு..."

"மலைதான? ரெடியா கீது." ஒரு ஃபோல்டரைத் திறந்தார். பனிமலை, நீல ஏரி, மேகம். "இது நம்ம கடையில நல்லா ஓடுற மலை மாமு. மாசம் பத்து போவும்."

மாசம் பத்துப் பேர் எங்க தெருவுல இருந்து சுவிட்சர்லாந்து போறாங்களான்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல.

சிவப்பா ஒரு ரயிலை வச்சார். ஒரு நிமிஷம் பாத்தார். "ரயிலு நைனா கழுத்தாண்ட போவுது. நல்லா இல்ல. தூக்கிடலாம்."

தூக்கிட்டார். காலியான இடத்துல ரெண்டு வெள்ளைப் புறாவை விட்டார்.

"மூஞ்சி டல்லா கீது. பின்னாடி கொஞ்சம் வெளிச்சம் உடறேன்."

தலைக்குப் பின்னாடி வட்டமா ஒரு ஒளி வந்துச்சு.

நான் எழுதிட்டுப் போன வாசகம், 'ஒரு வார மலை ரயில் பயணம் புறப்படும் எங்கள் அன்புப் பெரியப்பா'. "இவ்ளோ நீட்டா இட்டா யாரு படிப்பா?"ன்னு 'பயணம்' மட்டும் ஒரு அடி உயரத்துல வச்சார். மிச்சம் எறும்பு சைஸ். இடது பக்கம் 'புறப்பாடு', ஒரு தேதி. வலது பக்கம் 'வருகை', ஒரு தேதி. கீழ, 'இப்படிக்கு: குடும்பத்தார்'.

"அண்ணா, இது கொஞ்சம் அந்த மாதிரி இருக்குண்ணா..."ன்னேன்.

என் குரலைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிடறேன். பக்கத்துல இருக்கிற கொசுவுக்கே கேக்காது. அன்னைக்குப் பேனர் மெஷின் வேற கரகரன்னு ஓடிக்கிட்டிருந்துச்சு.

"இன்னா?"

"ஒண்ணுமில்லண்ணா."

என் வாழ்க்கையில நடந்த எல்லா விபத்துக்கும் முன்னாடி இந்த 'ஒண்ணுமில்லண்ணா' இருக்கும். தாத்தா சொன்ன கதைகள்ல வாயில்லாத சாது பையன்தான் கடைசியில ராஜகுமாரியைக் கட்டுவான். நான் பேனரைக் கட்டினேன்.

கட்டி முடிச்சு ஏணியில இருந்து இறங்கல. மீன் கூடையோட வந்த கன்னியம்மாக்கா அப்படியே நின்னாங்க. கூடையை இறக்கி வச்சாங்க.

"ஐயோ! சூசை நைனா! நேத்துதானடா என்னாண்ட சங்கரா வாங்கினாரு!"

"இல்லக்கா, அவரு வந்து..."

"அயுவாத கண்ணு. விதி!"

நான் அழல. என் குரலே அப்படித்தான்!

எங்க ஏரியாவுல கல்யாணத்துக்கு நாலு தடவை பத்திரிகை வைக்கணும். சாவுக்கு யாரையும் கூப்பிட வேண்டாம். அரை மணி நேரத்துல தெரு நிறைஞ்சுச்சு. ஆட்டோ ஸ்டாண்டுப் பசங்க வண்டியை ஓரங்கட்டி வழி விட்டாங்க. பந்தல்காரர் யாரையும் கேக்காமலே ஐம்பது நாற்காலியை இறக்கினார். ஒரு பேண்டு செட்டு வந்து ட்ரம்மைத் தட்டிப் பாத்துச்சு.

யாராவது ஒருத்தர் அந்த எறும்பு எழுத்தைப் படிக்கணுமே! ஒரு பெரியவர் படிச்சார். எனக்கு உயிர் வந்துச்சு.

"'வருகை'ன்னு ஏழாம் நாள் பூசைக்குத் தேதிகூட இட்டுட்டாங்க பாரு. நல்ல குடும்பம்."

வந்த உயிர் மறுபடி போச்சு.

மரியதாஸ் மாமா மாலையோட வந்தார். பேனரை மேலும் கீழும் அளந்தார். அவரோடதைவிட ரெண்டு அடி பெருசு. "நல்ல மனுஷன்"னு தொண்டையைச் செருமினார். "பாவம், மலேசியாகூடப் பாக்காம பூட்டாரு."

உள்ள இருந்து வந்த பெரியம்மாவை நாலு பொம்பளைங்க கட்டிப் புடிச்சு ஓன்னு அழுதாங்க. பெரியம்மா கையில ஊறுகாய் பாட்டில். "யாருடி செத்தது? வுடுங்கடி, எண்ணெ ஊத்திக்கும்!"

"பாரு, புத்தி பேதலிச்சுப் போச்சு"ன்னு இன்னும் ரெண்டு பேர் கட்டிப் புடிச்சாங்க.

அந்த நேரம் பாத்து சர்ச்சுல கோயில்பிள்ளை துக்க மணி அடிச்சார்.

இதுக்கப்புறம் நடந்ததை சலூன்காரர் எனக்குச் சொன்னார். பெரியப்பா பாதி மூஞ்சி ஷேவிங் முடிஞ்சு, பாதி நுரையோட உக்காந்திருக்கார். மணிச் சத்தம் கேட்டதும் பக்தியா சிலுவை போட்டுக்கிட்டு, "யாரோ பூட்டாங்க பாவம். யாருன்னு பாத்துகினு வா"ன்னிருக்கார். சலூன்காரர் தெருமுனை வரைக்கும் போய்ப் பாத்துட்டுத் திரும்பி வந்து, கத்தியைக் கீழ வச்சிட்டுச் சொன்னாராம்.

"நைனா... நீதான்."

சரியா பதினோரு மணிக்கு தெருமுனையில ஒரு ஸ்கூட்டர் நின்னுச்சு. மகேந்தர் சேட்டு! பேனரைப் பாத்தார். ஹெல்மெட்டைக் கழட்டினார். ஒரு கும்பிடு போட்டார். வண்டியைத் திருப்பினார்.

கூட்டத்துல நீந்தி நான் முனைக்குப் போறதுக்குள்ள ஆள் இல்ல. போன்ல மெசேஜ்தான் இருந்துச்சு. 'ஓம் சாந்தி. சார் சீட்டை கேன்சல் பண்றேன். வெயிட்டிங்ல இருக்கிறவங்களுக்குக் கொடுத்துடுறேன். மேடமுக்கு ஆறுதல் சொல்லுங்க.'

போன் போட்டேன். "சேட்டு, பெரியப்பா இருக்காரு!"

"ஆமா பேட்டா. எப்பவும் நம்ம கூடவே இருப்பாரு."

"இல்ல சேட்டு, உயிரோட..." டமார்! பேண்டு செட்டு ஆரம்பிச்சிடுச்சு.

"அழாதே பேட்டா. மனசைத் தேத்திக்கோ." வச்சுட்டார்.

மணி பதினொன்னே முக்கால். முப்பத்தஞ்சு வருஷ ஆசை, என் தொண்டையில சத்தம் இல்லாததால போய்க்கிட்டிருக்கு.

அப்பதான் பேண்டு சட்டுன்னு நின்னுச்சு. கழுத்துல சலூன் துணி, ஒரு கன்னத்துல நுரையோட பெரியப்பா ஓடி வந்தார். கூட்டம் ரெண்டா பிளந்துச்சு. கன்னியம்மாக்கா மயங்கிட்டாங்க. ஐம்பது நாற்காலியில ஒண்ணுக்கு உபயோகம் வந்துச்சு.

"எவன்டா என்னைச் சாவடிச்சது?"

தெருவே என்னைப் பாத்துச்சு. நான் போனை நீட்டினேன். "திட்டு அப்புறம் பெரியப்பா. சீட்டு போவுது!"

போனைப் பிடுங்கி மறுபடி சேட்டுக்குப் போட்டார். "சேட்டு! நான் சூசை பேசறேன்!"

அந்தப் பக்கம் சேட்டு மெதுவா, "சாருக்குத் தம்பியா? குரல் அப்படியே இருக்கு."

வீடியோ கால் போட்டோம். பெரியப்பா நிம்மதியில வாயெல்லாம் பல்லா நின்னார். பின்னாடி பேனர், புறா, ஒளிவட்டம். சேட்டு கையில பாஸ்போர்ட். அதைப் பாக்கறார், இவரைப் பாக்கறார். தலையை ஆட்டறார்.

"இல்லையே. போட்டோல சார் சிரிக்க மாட்டாரு. இவரு வேற ஆளு."

எனக்கு எங்க இருந்துதான் அந்தக் குரல் வந்துச்சோ! "சிரிக்காதீங்க பெரியப்பா!"

பந்தல்காரரு, பேண்டு செட்டு, மரியதாஸ் மாமான்னு தெருவே சேந்து கத்துச்சு. "சிரிக்காத நைனா!"

பெரியப்பா சிரிப்பை முழுங்கினார். வாயை மூடினார். நேரா பாத்தார். அசல் விசா போட்டோ.

"அரே, சார்தான்!"

லிஸ்ட் மூட மூணு நிமிஷம் இருந்துச்சு. பெரியப்பா பயணம் பொழைச்சது. சேட்டு மட்டும் கொஞ்சம் இழுத்தார். "அந்த சீட்டை அவங்களுக்குக் கொடுத்துட்டேனே. வேற சீட்டு ஒண்ணு போட்டுத் தரேன் சார். கவலைப்படாதீங்க, ஜன்னல்தான்."

பெரியப்பா கவலைப்படல. மரியதாஸ் மாமா கையில இருந்த மாலையை அவரே வாங்கிக் கழுத்துல போட்டுக்கிட்டார்.

போன வாரம் கிளம்பிப் போனாங்க. முதல் நாள் ரயில்ல இருந்தே எங்க தெரு குரூப்புக்கு பெரியம்மா ஒரு போட்டோ அனுப்பினாங்க. பெரியப்பா ஜன்னலாண்டதான் உக்காந்திருக்கார். வெளிய பனிமலை, நீல ஏரி, மேகம். ஒரு வெள்ளைப் பறவைகூட இருந்துச்சு. குமாரண்ணன் பேனர்ல இருந்ததுல ஒளிவட்டம்தான் குறை. மூஞ்சியில சிரிப்பே இல்ல.

கூடவே பெரியம்மாவோட வாய்ஸ் மெசேஜ். "டேய் அமலா, இவருக்குக் குடுத்தது பின்னாடி பாத்த சீட்டுடா. எல்லா மலையும் பூட்டப்புறம்தான் தெரியுதாம். காலையில இருந்து யாராண்டயும் பேசல."

குரூப்புல முதல் பதில் மரியதாஸ் மாமாவோடது. 'ஆழ்ந்த இரங்கல்.'

இந்தத் தடவை யாரும் அதைத் திருத்தல.