எக்ஸ்பிரஸுக்கு வந்த வீல்சேர்

எக்ஸ்பிரஸ் அண்ணனைப் போல வேகமாகக் கேட்கிற காது பெங்களூரில் இன்னொன்று கிடையாது. இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், அல்சூர் ஏரியை உங்கள் பேருக்கே எழுதித் தருகிறேன்.

ரெண்டாயிரத்துக்குப் பிறகு, வாணியம்பாடியிலிருந்து வந்து ஆடுகோடியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். போனில் வருகிற புகார்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. பக்கத்து சீட்டில், அல்சூர் பக்கத்து மர்பி டவுன்காரர் எக்ஸ்பிரஸ். பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற மென்பொருளை வைத்துதான் வேலை செய்வார். ஒரு காதில் வாடிக்கையாளர் திட்டுவார், மறு காதில் கம்ப்யூட்டர் பேசும். அவர் வைத்திருந்த வேகத்தில் அது எனக்குக் கடுகு வெடிக்கிற மாதிரிதான் கேட்டது. "இதுவே தூக்கம் வர்ற ஸ்பீடும்மா" என்பார்.

மானிட்டரை அணைத்து, அதன் மேல் சாப்பாட்டுப் பையை வைத்திருப்பார். புது மேனேஜர் அதைப் பார்த்து அரண்டு போனார்.

"ஸ்க்ரீன் இருட்டா இருக்கே, வேலை நடக்குதா?"

"வேணும்னா போட்டுக்கோங்க சார். நீங்க பாத்துக்கினு இருங்க, நான் செஞ்சிக்கினு இருக்கேன்."

அப்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து புது சாஃப்ட்வேர் வந்து இறங்கியது. பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் எந்தப் பட்டனுக்கும் உள்ளே பேர் எழுதவில்லை. படம்தான். அதனால் கம்ப்யூட்டர் அவரிடம் "பட்டன், பட்டன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. மாசக் கடைசிக்குள் பழகாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மேனேஜர் பக்குவமாகச் சொல்லிவிட்டார். எக்ஸ்பிரஸ் வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருத்தர்தான்.

"பட்டனுக்குப் பேர் வைக்கச் சொல்லுங்க சார், போதும்" என்று அவர் கேட்டார்.

அவர் கேட்டது ஒன்று, வந்தது வேறு. முதலில் வாசலில் சறுக்குப் பாதை போட்டார்கள். அடுத்து லிஃப்டுக்கு மேலே பிரெய்ல் பலகை, ஆள் எட்ட முடியாத உயரத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு. கடைசியாக, தலைமை அலுவலகத்துப் பெரியவரை வரவழைத்து, பூச்செண்டோடு ஒரு வீல்சேரும் கொடுத்தார்கள். கண் தெரியாதவருக்கு! கால் ரெண்டும் கல்தூண் மாதிரி இருக்கிற மனுஷன்.

எக்ஸ்பிரஸ் மறுக்கவில்லை. சட்டமாக அதில் உட்கார்ந்தார். "ஏம்மா, என் சீட்டாண்ட தள்ளு" என்றார். தள்ளினேன். மேனேஜரும் பெரியவரும் பின்னாலேயே வந்தார்கள்.

ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டார். மானிட்டர் அணைந்தே இருந்தது. "சார், இந்தம்மா காலையில எனக்காக ஏத்தின புகாருங்க, சேவ் பண்ணாம இதுல இருக்குது. நீங்க சேவ் பண்ணிக் காட்டுங்க."

மேனேஜர் கீபோர்டைத் தட்டினார். "பட்டன்" என்றது கம்ப்யூட்டர். மறுபடி தட்டினார். "பட்டன்."

"எது சார் சேவ்?"

"அதான்... இதுவா இருக்கும்."

"அமுக்குங்க. நான் தெனமும் அப்படித்தான் அமுக்குறேன்."

அமுக்கினார். மானிட்டரைப் போட்டுப் பார்த்தால், என் காலை வேலை முழுக்க அழிந்து போயிருந்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

பெரியவர் தன்னோடு வந்திருந்த புரோகிராமரைப் பார்த்தார். "பேர் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"மத்தியானத்துக்குள்ள முடிச்சிடலாம் சார்."

"அப்ப இந்த வீல்சேர் எதுக்கு?"

மேனேஜர் பூச்செண்டைச் சரி செய்துகொண்டிருந்தார்.

சாயங்காலம் எல்லாப் பட்டனுக்கும் பேர் வந்துவிட்டது. எக்ஸ்பிரஸ் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தார். நன்றி சொல்கிற ஜாதி இல்லை அவர். "பேரெல்லாம் ரொம்ப நீளமா வெச்சிக்கிறானுங்கம்மா, நேரம் வேஸ்டு" என்று அலுத்துக்கொண்டார்.

நாளைக்கும் இந்த மனுஷன் என் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டிருப்பார் என்ற நினைப்பே, அன்றைக்கு எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.