பொருள்: வீட்டு வைஃபை காணாமற்போனது தொடர்பாக

கணவர்களில் உத்தமமான ரகம் ஒன்று உண்டு. வீட்டில் எது பழுதானாலும் வெளியாளைக் கூப்பிட விடாமல் தாமே சரி செய்கிற ரகம். நெருப்பைக் கண்டுபிடித்தவனுக்கும் சக்கரத்தைக் கண்டுபிடித்தவனுக்கும் வாய் ஓயாமல் நன்றி சொல்கிற உலகம், இந்த மகான்களை மட்டும் ஏனோ கண்டுகொள்ளவே இல்லை. கையில் ஸ்க்ரூ டிரைவரோடு ஒரு சிலையாவது நாற்சந்தியில் வைத்திருக்கலாம். போகட்டும், சிலை வைக்க நமக்கு வசதியில்லை. கதையாவது சொல்லி வைப்போம்.

நம் கண்காணிப்பாளர் ஓர் அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் இருபத்திரண்டு வருட சர்வீஸ் போட்டவர். முதுகுக்குப் பின்னால் அங்கே அவருக்கு 'சுற்றறிக்கை' என்று பெயர். தண்ணீர்க் குழாயைச் சரியாக மூடுவது எப்படி என்று நான்கு பக்கத்துக்குச் சுற்றறிக்கை விட்டவர். ஊழியர்கள் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் தொட்டி காலியாகிவிட்டது என்பது வேறு விஷயம். தொலைநோக்கு உள்ளவர்களுக்கு இப்படிச் சின்னச் சின்னச் சேதாரம் சகஜம்.

அவர் மனைவி கட்டட வரைபடம் வரைகிறவர். வரைந்தவர் என்று சொன்னால்தான் சரி. மகள் பிறந்தபோது வேலையை விட்டார், பதினோரு வருடம் ஓடிவிட்டது. இப்போது ஒரு கட்டட நிறுவனத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்திருந்தது. புதன்கிழமை காலை பதினோரு மணி, வீடியோ அழைப்பில். நேர்காணலின் நடுவிலேயே நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு வரைபடம் வரைந்து காட்ட வேண்டும், ஆகவே லேப்டாப் கட்டாயம், செல்போன் செல்லாது என்று கடிதத்தில் கண்டிருந்தது. பதினோரு மணிக்கு வராதவர் விருப்பமில்லாதவராகக் கருதப்படுவார் என்றும் கண்டிருந்தது. ஒரு மாதமாக அந்த அம்மாள் சமையலை முடித்த கையோடு உட்கார்ந்து கோடு போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். இந்த வேலை கிடைக்காவிட்டால் இனி எதற்கும் விண்ணப்பம் போடப்போவதில்லை என்று மனசுக்குள் முடிவும் செய்திருந்தார்.

கண்காணிப்பாளர் சும்மா இருப்பாரா? அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொன்னார். முதல் நாள் மாலையே லேப்டாப்பை வாங்கி, அதிலிருந்த சகலத்தையும் துடைத்து, பிறந்த குழந்தை மாதிரி ஆக்கிக் கொடுத்தார். "இப்பதான் வேகமா ஓடும்" என்றார். குழந்தைக்கு யாரையும் அடையாளம் தெரியாது என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

காலை ஒன்பது மணிக்கு மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வந்து மனைவி லேப்டாப்பைத் திறந்தார். அக்கம்பக்கத்து வைஃபைகள் பதினொன்று வரிசையாக வந்து நின்றன. 'பல் ஆஸ்பத்திரி' இருந்தது. 'தொடாதே' இருந்தது. 'தொடாதே இரண்டு' இருந்தது. 'மாடி டெய்லர்' நல்ல பலத்தோடு இருந்தது. அவர்கள் வீட்டு வைஃபை மட்டும் இல்லை. கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வருகைப் பதிவேடு பார்ப்பதுபோல் மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தார்.

"ஆஜராகலை" என்றார்.

அவருடைய செல்போனில் வைஃபை ஜோராக வேலை செய்தது. மனைவியுடையதிலும் செய்தது. லேப்டாப் ஒன்றுதான் அதைத் தெரியாது என்று சாதித்தது. சாதாரண மனிதனாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு குறிப்புக் கிடைத்திருக்கும். கண்காணிப்பாளர் குறிப்புகளை நம்புகிறவர் அல்லர். 'முழுமையான விசாரணை' என்று அறிவித்து, மேஜைமேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, தேதியிட்டு, 'பொருள்' என்று எழுதி அடிக்கோடு போட்டார். அடிக்கோடு கோணலாகப் போனதால் இன்னொரு தாள் எடுத்தார்.

மனைவி மெதுவாக ஒரு யோசனை சொன்னார். கணவரின் செல்போனிலிருந்து லேப்டாப்புக்கு இணையம் கொடுத்துவிட்டால் இப்போதைக்கு வேலை முடிந்துவிடும், விசாரணையைச் சாயங்காலம் நிதானமாக வைத்துக்கொள்ளலாம். கண்காணிப்பாளருக்குச் சுருக்கென்றது. அது 'தற்காலிக ஏற்பாடு' அல்லவா? தற்காலிக ஏற்பாடுகளால்தான் நாடுகள் சீரழிந்தன என்று விளக்கினார். விளக்கம் பதினைந்து நிமிடம் பிடித்தது.

அடுத்தது கள ஆய்வு. அலை எந்த வழியாக நடந்து வருகிறது, எங்கே இடறி விழுகிறது என்று பார்க்க வீட்டின் வரைபடம் வேண்டுமென்றார். மனைவி கடிகாரத்தைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், பென்சிலை எடுத்தார். ஆறே நிமிடத்தில் கூடம், சமையலறை, இரண்டு படுக்கையறை, சுவரின் கனம், கதவு திறக்கும் பக்கம் எல்லாம் தாளில் வந்துவிட்டது. அச்சடித்த மாதிரி இருந்தது. கண்காணிப்பாளர் அதன்மேல் சிவப்பு மையால் 'சந்தேகத்துக்குரிய பொருள்கள்' என்று எழுதி, பீரோவையும் ஃபிரிட்ஜையும் வட்டம் போட்டார். நேர்காணலுக்கென்று இஸ்திரி போட்ட உடையில் இருந்த மனைவியும் அவருமாகச் சேர்ந்து பீரோவை ஒன்றரை அடி நகர்த்தினார்கள். அதற்குக் கீழே காணாமற்போன இரண்டு சீப்புகள் அகப்பட்டன. வைஃபை அகப்படவில்லை.

"என்னங்க, மணி பத்தாகப் போகுது."

"அதான் தெரியுதே. பதட்டப்படாதே. பதட்டம் அலையைப் பாதிக்கும்."

பத்து மணிக்கு இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டார். ஒன்றை அழுத்தி, நான்கை அழுத்தி, சங்கீதம் கேட்டு, மறுபடி ஒன்றை அழுத்தியபின் ஒரு பெண்குரல் வந்தது. ரூட்டரைப் பத்து வினாடி அணைத்துப் போடச் சொன்னது அந்தக் குரல். மற்றப் போன்களில் வருகிறதா என்று கேட்டது. வருகிறது என்றார். லேப்டாப்பில் பக்கத்து வீடுகளுடையது தெரிகிறதா என்று கேட்டது. தெரிகிறது என்றார்.

"சார், உங்க வைஃபை பேரை யாராவது மறைச்சு வெச்சிருக்காங்களா?"

கண்காணிப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த 'தகவல் பாதுகாப்பு: ஒருநாள் பயிற்சி முகாம்' சான்றிதழை, போன் வழியாக அது தெரியாது என்பதையும் மறந்து, கையால் சுட்டிக் காட்டினார்.

"இந்தாம்மா, இது மானமுள்ள குடும்பம். இங்கே மறைக்கிறதுக்கு ஒண்ணும் கிடையாது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

குரல் சொன்னதில் ஒன்றை மட்டும் ஏற்று ரூட்டரை அணைத்தார். பத்து வினாடி என்றது அந்தப் பெண்ணின் சின்ன மனசு. இவர் தாராளமாக அரைமணி நேரம் ஆறவிட்டார். அந்த அரைமணியும் வீண்போகக் கூடாதென்று 'வைஃபை தெரியவில்லையா? கவலை வேண்டாம்' என்ற தலைப்பில் ஐந்து வீடியோக்களைச் செல்போனில் வரிசையாகப் பார்த்தார். ஐந்தாவது வீடியோவில் ஒருவர் 'முதலில் ஒரு கதை சொல்கிறேன்' என்று ஆரம்பித்தபோது போனில் அன்றைய டேட்டா தீர்ந்தது. ஆக, தற்காலிக ஏற்பாடும் போயிற்று. மனைவியின் போனில் டேட்டாவே கிடையாது. வீட்டிலிருக்கிற பொம்பளைக்கு வைஃபை போதாதா என்று அந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவரும் இவர்தான். நிர்வாகத் திறமை என்பது சும்மாவா?

மணி பத்து நாற்பது. அந்த அம்மாள் எழுந்தார். லேப்டாப்பை மூடிக் கையில் எடுத்தார்.

"நான் மாடியில அக்கா வீட்டுக்குப் போறேன்."

கண்காணிப்பாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாடியில் இருப்பவர் தையல்காரர். போன மாதம் இணையம் மந்தமானபோது, மாடி வீடுதான் தங்கள் வைஃபையை உறிஞ்சுகிறது என்று கண்காணிப்பாளர் தீர்மானித்து, 'பிறர் அலையை நுகர்தல் பண்பன்று' என்று மாடிப்படியில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார். அந்த வீட்டு வாசலில் போய் அதே அலைக்குக் கையேந்துவதா? கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

"இன்னும் பத்து நிமிஷம் குடு. கிட்டத்தட்ட கண்டுபிடிச்சுட்டேன்."

"வேண்டாங்க."

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் படியேறிவிட்டார். தையல்கார அக்கா அறிவிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை ஒதுக்கி மேஜையைக் காலி செய்தார், பாஸ்வேர்டைச் சுண்ணக்கட்டியால் ஒரு துண்டுத் துணியில் எழுதிக் கொடுத்தார், மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். இத்தனைக்கும் மூன்று நிமிடம்தான் ஆயிற்று. இதில் எந்த ஆய்வும் இல்லை, அறிக்கையும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முறையான அணுகுமுறை இல்லாதவர்கள் இப்படித்தான் அவசரப்பட்டு வேலையை முடித்துவிடுகிறார்கள்.

கீழே கண்காணிப்பாளர் விசாரணையைக் கைவிடவில்லை. லேப்டாப் கைவசம் இல்லாதபோதும் லேப்டாப்பின் கோளாறைத் தேடுவதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும். ரூட்டரை மறுபடி போட்டார். செல்போன் உடனே அதைப் பிடித்துக்கொண்டது. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைப் போனிலேயே திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். நான்காவது வரியில் 'பெயரை மறைத்து வை' என்று இருந்தது. அதற்கு நேரே ஒரு டிக்.

அந்த டிக்கை அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் போட்டதுதான்.

பயிற்சி முகாமில் மூன்று உபதேசம் செய்திருந்தார்கள். பெயரை மறைத்து வையுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள், செய்ததை எங்கும் எழுதி வைக்காதீர்கள். மாடி வீட்டுக்குப் பாடம் புகட்ட இதைவிட நல்ல வழி உண்டா? மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் ஒன்றுவிடாமல் நிறைவேற்றி, இரண்டு செல்போன்களிலும் பெயரைக் கையாலேயே தட்டிப் பதிந்தார். லேப்டாப்புக்கும் அன்றைக்கே தட்டிக் கொடுத்திருந்தார். நேற்று மாலை அவரே அதைத் துடைத்தும் விட்டார். எழுதி வைக்காத எதையும் நினைவில் வைத்துக்கொள்வது அவர் சர்வீஸிலேயே கிடையாது. இரகசியம் காத்தால் இப்படிக் காக்க வேண்டும், தனக்கே தெரியாமல்.

கடிகாரத்தைப் பார்த்தார், பதினொன்று பத்து. மனைவி ஒரு மாதமாகக் குனிந்து குனிந்து வரைந்ததும், நேற்று ராத்திரி சரியாகச் சாப்பிடாததும் நினைவுக்கு வந்தன. மாடியில் நேர்காணல் நடக்கிறதா, அல்லது அங்கேயும் ஏதாவது ஆகிவிட்டதா? அவள் வேலை போயிற்றென்றால் அது தன்னால்தான். நிஜமாகவே வெட்கமாக இருந்தது. வந்ததும் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தார். இந்தத் தீர்மானம் நான்கு நிமிடம் உயிரோடு இருந்தது. ஐந்தாவது நிமிடத்தில் இருபத்திரண்டு வருட சர்வீஸ் கைகொடுத்தது. டிக்கை எடுத்துவிட்டு, வெள்ளைத்தாளில் இப்படி எழுதினார்: 'தொழில்நுட்பக் காரணங்களால் ஏற்பட்ட இடையூறு, உரிய நடவடிக்கைக்குப் பின் களையப்பட்டது. யாரும் பொறுப்பல்லர்.' கையெழுத்தும் போட்டார்.

பன்னிரண்டே காலுக்கு மனைவி இறங்கி வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. லேப்டாப்பை மேஜையில் வைத்துத் திறந்தார். பட்டியலின் தலையில் சொந்த வீட்டு வைஃபை சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"சரி பண்ணிட்டேன்" என்றார் கண்காணிப்பாளர்.

என்ன கோளாறு என்று மனைவி கேட்கவில்லை. சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். கண்காணிப்பாளருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வரைபடம் எப்படிப் போயிற்று என்று கேட்டார். இருபது நிமிடம் கொடுத்தார்கள், பன்னிரண்டில் முடித்துவிட்டேன் என்றார் மனைவி. வேறென்ன கேட்டார்கள் என்றார் இவர்.

"பதினோரு வருஷமா வேலைக்குப் போக முயற்சியே பண்ணலையான்னு கேட்டாங்க. பண்ணினேன், நாலு தடவை பண்ணினேன், நாலு தடவையும் என் வீட்டுக்காரர் கூடவே இருந்து எல்லா உதவியும் பண்ணினார்னு சொன்னேன்."

கண்காணிப்பாளருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும்? மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"என்னைப் பத்தியா சொன்னே? அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"மூணு பேரும் பேனாவைக் கீழே வெச்சாங்க. அப்புறம் நடுவுல உட்கார்ந்திருந்த அம்மா, இப்ப அவர் பக்கத்துல இருக்காரான்னு கேட்டாங்க. இல்லைங்க, நான் மாடி வீட்டுல இருக்கேன்னு சொன்னேன். அப்படின்னா திங்கட்கிழமையே சேர்ந்துடுங்கன்னுட்டாங்க."