அரசர் படம் ஒட்டிய பானை

ஒரு காட்டில் வெயில் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனது. ஏன் ஏறுகிறது என்று எல்லாருக்கும் தெரியும். கரியமாணிக்கம் என்ற கரடி முதலாளி, மரங்களை வெட்டி நாலு திசையிலும் கரிமூட்டம் போட்டு, அடுத்த காட்டுக்குக் கரி விற்றுக்கொண்டிருந்தார். புகை கண்ணைக் கரித்தது. மழை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அங்கே ஒரு குட்டையில் மரகதம் என்ற தவளை இருந்தாள். இருநூறு தலைப்பிரட்டைப் பிள்ளைகளுக்குத் தாய். அவற்றுக்குக் கால் முளைக்க இன்னும் இருபது நாள் ஆகும். குட்டையிலோ பத்து நாள் தண்ணீர்தான் மிச்சம்.

ஆனாலும் அவள் புது அரசரை மலைபோல நம்பியிருந்தாள். அரசர் புள்ளியப்பன் ஒரு மான். "நான் வந்தால் முதல் கையெழுத்தே கரிமூட்டத்தை அணைக்கத்தான்" என்று சொல்லி ஓட்டு வாங்கியவர். அவருக்காகத் தெருத்தெருவாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவள் மரகதம். அந்த விசுவாசம்கூடவா இருக்காது?

அரசர் கருத்துக்கேட்புக் கூட்டம் கூட்டினார். பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி எல்லாம் கரடி முதலாளியின் உபயம். வாசலில் பதிவேட்டோடு கொக்கு எழுத்தர் உட்கார்ந்திருந்தார். கொக்கின் அருகில் போவதென்றால் எந்தத் தவளைக்கும் உதறும். மரகதம் எட்டி நின்று கையை மட்டும் நீட்டினாள்.

"எதுக்குங்கய்யா கையெழுத்து?"

"வந்தீங்கன்னு தெரிய வேணாமா? சீக்கிரம் போடும்மா, பின்னாடி ஆள் நிக்குது."

போட்டாள். ஒரு பொட்டலம் ஈசல் பொரி கொடுத்தார்கள். மேடையேறி, "கரிமூட்டத்த அணைச்சிருங்க சாமி. எம்புள்ளைங்களுக்குக் கால் முளைக்கிற வரைக்கும் தண்ணி நின்னாப் போதும்" என்றாள். அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் கரடி.

மறுநாள் அறிவிப்பு வந்தது. வெப்பத் தணிப்புக் குழுவின் தலைவர் கரியமாணிக்கம். கூட்டத்துக்கு வந்த அனைவரும் கையொப்பமிட்டு ஒப்புதல் அளித்தபடி, நாலு கரிமூட்டம் எட்டாகும். வெயிலைத் தணிக்க நாற்சந்தியில் அரசர் பெயரில் நீர்மோர்ப் பந்தல் திறக்கப்படும்.

மரகதம் அரண்மனைக்கு ஓடினாள். "அணைக்கிறேன்னு சொன்னீங்களே சாமி!"

"இப்பவும் அதத்தாம்மா சொல்றேன். மரமெல்லாம் தீந்ததும் தானா அணைஞ்சிரும்" என்றார் அரசர். "அவரு பந்தல் போடலேன்னா நீ பேசியிருக்கவே முடியாது, தெரியுமில்ல?"

மரகதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மூஞ்சிக்கா கத்தினோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு குட்டைக்குத் திரும்பினாள். குட்டையில் சேறுதான் இருந்தது. பிள்ளை ஒன்றுகூட இல்லை. நீர்மோருக்கென்று கரடியின் ஆட்கள் அடியோடு மொண்டு போயிருந்தார்கள். அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதபடியே பந்தலுக்குத் தாவினாள்.

பந்தலில் அரசர் படம் ஒட்டிய பெரிய பானை. எட்டிப் பார்த்தால், இருநூறும் உள்ளே நீந்திக்கொண்டிருந்தன! மோர் என்பது பேருக்குத்தான். ஒரு கரண்டி மோருக்கு ஒரு குட்டைத் தண்ணீர்.

பிள்ளைகளை வெளியே எடுக்கக் கை நீட்டியவள், கரடி தன் ஆட்களை அதட்டுவதைக் கேட்டு நின்றாள்.

"அரசர் மூஞ்சி ஒட்டின பானைடா! யாராவது படம் எடுக்க வருவாங்க. தண்ணி ஒரு விரக்கட கொறஞ்சாலும் தோல உரிச்சுருவேன். மலைக்கு அந்தாண்ட ஊத்து இருக்குல்ல, தெனம் போயிக் கொண்டாந்து ஊத்துங்க!"

மரகதம் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். திறப்பு விழா முடிந்ததுமே குவளையை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். அதனால் யாரும் மொண்டு குடிக்கவில்லை. காடு காய்ந்து கருகியது. பானை மட்டும் தளும்பிக்கொண்டிருந்தது.

இருபதாம் நாள், இருநூறு பிள்ளைகளும் கால் முளைத்து அரசர் படத்தின் மேலேயே குதித்து வெளியே வந்தன. அரசர் உடனே விழா எடுத்தார். "குட்டையே இல்லாத காட்டில் இருநூறு தவளை! நம் திட்டத்துக்கு வேறென்ன சான்று வேண்டும்?" கரடிக்குப் பதக்கம் கிடைத்தது.

விழா வாசலில் கொக்கு எழுத்தர் மறுபடியும் பதிவேட்டை நீட்டினார். மரகதம் பானையை ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த ஆண்டு முட்டையிட இடம் வேண்டுமே! எதற்கென்று கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அரசர் வாழ்க!" என்று கத்தினாள்.

நீதி: பிள்ளைகளைக் குளத்தை நம்பி விடாதே, அரசர் படம் ஒட்டிய பானையில் விடு. நாடு காய்ந்தாலும் அது காயாது.