ராயப்பேட்டையில் கடல் இல்லை

கடற்சேத நிவாரண அலுவலகம் ராயப்பேட்டையில், கடல் காற்று எட்டாத ஒரு சந்தில் இருக்கிறது. அங்கே படங்களைப் பரிசீலிக்கும் அதிகாரி அடியேன். ஜேபெக் (JPEG) என்ற கோப்பு வகைப் படம் மட்டுமே ஏற்கப்படும் என்று சுற்றறிக்கை எழுதியவனும் நானே. எழுதிய அன்று வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன்.

நொச்சிக்குப்பம் புஷ்பம், புயலில் ஓட்டை விழுந்த தன் படகைச் செல்போனில் படமெடுத்து வந்தார். நிவாரணம் வந்தால்தான் ஓட்டை அடைபடும், அடைத்தால்தான் கடல், கடலுக்குப் போனால்தான் சோறு. படம் திறக்கவில்லை.

"இது ஏதோ புதுவகைக் கோப்பும்மா. ஜேபெக்தான் வேணும்."

"மாத்திக்க சார்."

"மாத்தினா திருத்திய படம். திருத்திய படம் செல்லாது."

"அப்ப உங்க ஆபீஸ் கேமராவுல நீயே வந்து எடு."

"ஆபீஸ் கேமரா ஆபீஸை விட்டு வெளியே போகக் கூடாது."

"அப்ப படகுதான் இங்க வரணும், இன்னா?" என்றார் புஷ்பம்.

"அதுக்குத் தடை ஒண்ணும் இல்லம்மா" என்றேன் பெருந்தன்மையாக.

மறுநாள் படகு லாரியில் வந்து எங்கள் முற்றத்தில் இறங்கியது. ஆபீஸ் கேமராவில் படம் எடுத்தேன். அருமையாகத் திறந்தது. ஓட்டை தெரிந்தது, பின்னால் எங்கள் பெயர்ப்பலகையும் தெரிந்தது. கடமை என்னை விடவில்லை. எழுதினேன்: "படகு ராயப்பேட்டையில் உள்ளது. ராயப்பேட்டையில் கடல் இல்லை. ஆகவே சேதம் ஏதுமில்லை." மேல்முறையீடு முடியும்வரை சான்றுப்பொருளை நகர்த்தக் கூடாது என்றும் சேர்த்தேன்.

மழை வந்தது. ராயப்பேட்டையில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாக்கடை மூடி எங்கே திறந்திருக்குமோ என்று பயந்து மேசைமேல் நின்றேன். படகைப் பார்க்கப் புஷ்பம் இடுப்பளவுத் தண்ணீரில் வந்திருந்தார்.

"புஷ்பம்மா, படகு!"

"கீது சார். ஓட்டையும் கீது."

"ஐயோ, அப்ப எப்படி?"

"நீதான் சேதமே இல்லேன்னு எழுதிக்கீறியே. ஏறிக் குந்து சார்."

ஏறினேன். என்னை நம்பி மொத்த அலுவலகமும் ஏறியது. ஓட்டை வழியே குபுகுபுவென்று தண்ணீர் வந்தது. மூழ்குமுன் அதை என் செல்போனில் படமெடுத்துவிட்டேன். அவமானமாக இருந்தது. இந்தப் படத்தை வைத்தே நிவாரணம் கொடுத்துவிடுவது என்று மனசாரத் தீர்மானித்தேன்.

தண்ணீர் வடிந்ததும் படத்தைக் கணினியில் ஏற்றினேன். திறக்கவில்லை. என் செல்போனும் புதுசு, பெருமைக்காக வாங்கியது.

"மாத்திக் குடேன் சார்" என்றார் புஷ்பம்.

"திருத்திய படம்..." என்று என் வாய் தானாக ஆரம்பித்தது.

மீதியை, தலை துவட்டிக்கொண்டிருந்த அலுவலகம் மொத்தமும் சேர்ந்து சொன்னது: "செல்லாதும்மா."