'பரவாயில்லை'க்கு எத்தனை நட்சத்திரம்?

ஒரே ஒரு சொல்லுக்காக இருபத்தாறு மணி நேரம் நாற்பது நிமிடம் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து தங்களைத் தியாகம் செய்தவர்கள் மனித வரலாற்றிலேயே நான்கு பேர்தான். நான்காமவளைக் கணக்கில் சேர்க்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அவள் குறிப்பெடுக்க வந்தவள்.

அந்த மாநகரில் தொண்ணூறு லட்சம் பேர் வசித்தார்கள். பசிக்கிறது என்பதுவரை அவர்களுக்கே தெரியும். எங்கே போய்ச் சாப்பிடுவது என்று கைப்பேசியில் சொல்லும் மகத்தான பொறுப்பை ஒரு நிறுவனம் ஏற்றிருந்தது. இருபது நாட்டுச் சமையல், பதினோராயிரம் உணவகங்கள், அத்தனைக்கும் நட்சத்திரம். சாப்பிட்டவர்கள் எழுதுவதை எந்திரம் படித்து நட்சத்திரமாக மாற்றும். 'சூப்பர்' என்றால் ஐந்து. 'காசுக்குப் பிடித்த கேடு' என்றால் ஒன்று. மூன்றுக்குக் கீழே இறங்கும் கடை, 'பயனர் நலன் கருதி' பட்டியலிலிருந்து நீக்கப்படும்.

எந்திரம் ஒரு கடையிடம் மட்டும் தோற்றது. சந்துக்குள் ஒரு சந்து, அதற்குள் ஆறு மேசை. கருத்து எழுதிய முந்நூற்றுச் சொச்சம் பேரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே சொல்லை எழுதியிருந்தார்கள்: 'பரவாயில்லை.' எந்திரம் மூன்று முறை அணைந்து எரிந்தது. அன்று மாலையே 'சொற்பொருள் நட்சத்திரக் குழு' பிறந்தது.

தலைவர், டைரக்டர். உறுப்பினர்கள், ஒரு மொழி நிபுணரும் ஒரு கணக்கு நிபுணரும். குறிப்பெடுக்க, வேதியியல் படித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்திருந்த ஒரு பெண். காணொளிக் கூட்டங்களில் அவள் மைக்கைத் திறந்ததே இல்லை என்பதால் அலுவலகத்தில் அவள் பெயர் 'மியூட்'.

அந்த ஆறு மேசைக் கடை மியூட்டின் சித்தியுடையது. சித்தி வீட்டில்தான் அவள் தங்கியிருந்தாள். சொந்தக்காரர் கடை என்று தெரிந்தால் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

"இருந்து மட்டும் என்னடி கிழிக்கிறே?" என்றாள் சித்தி.

"குறிப்பு எடுக்கிறேன் சித்தி."

"சந்துக்குள்ள இருக்கிற கடை. உங்க போனைப் பாத்துத்தான் ஜனம் வழி கண்டுபிடிச்சு வருது. எடுத்துட்டாங்கன்னா பூட்ட வேண்டியதுதான். வாயைத் தொறந்து சொல்லேன், பரவாயில்லைன்னா நல்லாருக்குன்னுதான் அர்த்தம்னு. உங்க சித்தப்பா மொத மொத என்னைப் பாத்துட்டு வீட்ல போய் என்ன சொன்னாராம்? 'பொண்ணு பரவாயில்லை.' இருபத்திரண்டு வருஷமாச்சு, இன்னும் என் பின்னாலதான் சுத்தறார்."

"அதை எப்படி சித்தி கூட்டத்துல சொல்றது?"

"சொல்லாத. குறிப்பு எடு."

முதல் நாள் மொழி நிபுணர் சொல்லைப் பிரித்துப் போட்டார்.

"பரவு என்பது வினை. பரவாய் இல்லை. அதாவது ருசி பரவலை. நாக்கு நுனியிலயே நின்னுடுச்சு."

அறை சிலிர்த்தது. இவ்வளவு காலம் இது யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம், இது உண்மையில்லை என்பது மட்டுமே.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றார் கணக்கு நிபுணர். "பஸ்ல ஒருத்தன் என் காலை மிதிச்சிட்டு சாரி சொல்றான். நான் என்ன சொல்வேன்? பரவாயில்லை. அப்ப அது மன்னிப்பு."

"பிரமாதம் மேடம்" என்றார் டைரக்டர். "சாப்பிட்டவன் கடைக்காரனை மன்னிச்சுட்டான்."

"முந்நூறு பேர் மன்னிச்சிருக்காங்க சார். அப்ப தப்பு எவ்வளவு பெரிசு பாருங்க."

மியூட் 'மன்னிப்பு' என்று எழுதி அடிக்கோடிட்டாள். அதற்குள் மதியமாகிவிட்டது. தொண்ணூறு லட்சம் பேருக்கு வழிகாட்டும் நிபுணர்கள் மூவரும் தங்கள் கைப்பேசியைத் திறந்து, எங்கே வாங்கலாம் என்று ஒன்றரை மணி நேரம் ஆலோசித்தார்கள். ஒருவருக்கு எண்ணெய் ஆகாது. ஒருவருக்கு நாலரை நட்சத்திரத்துக்குக் கீழே இறங்காது. கடைசியில் டைரக்டர், "நீயே எங்கேயாவது வாங்கிட்டு வந்துரும்மா" என்றார்.

மியூட்டுக்கு ஒரே ஒரு 'எங்கேயாவது'தான் தெரியும்.

சோறு, மீன், இரண்டு காய். டைரக்டர் முதல் வாயை வைத்தார். மென்றார். "பரவாயில்லையே" என்றார். பிறகு தட்டை நீட்டினார். பிறகும் நீட்டினார். எண்ணெய் ஆகாதவர் மீன் இருந்த பாத்திரத்தைச் சோறு போட்டுத் துடைத்துச் சாப்பிட்டார். ஆய்வகத்தில் நிறம் மாறுவதைக் கவனித்துப் பழகியவள் மியூட். தட்டுகள் கழுவாமலே வெள்ளையாகிக்கொண்டிருந்ததைக் கவனித்தாள். சொல்லத் தோன்றியது. தொண்டைவரை வந்தது. கூடவே விக்கலும் வந்ததால் தண்ணீர் குடித்துவிட்டாள்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அதே கடை, அதே தட்டு நீட்டல், அதே விக்கல்.

நான்காம் நாள் காலை பதினொன்று நாற்பதுக்கு வரலாறு நிகழ்ந்தது. 'பரவாயில்லை: மன்னிப்பு வகை. இரண்டு நட்சத்திரம்.' டைரக்டர் கையெழுத்திட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். மியூட்டும் தட்டினாள், சத்தம் வராமல். மறு நிமிடமே ஆறு மேசையும் வரைபடத்திலிருந்து மறைந்தன. பயனர் நலன் காக்கப்பட்டது.

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு எடுக்கப் போனபோது கடையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"நேத்து இந்நேரம் முப்பது பார்சல்" என்றாள் சித்தி. "இன்னிக்குப் போனே அடிக்கலை. உனக்கு ஏதாவது தெரியுமா?"

மியூட் தலையைக் குனிந்து டப்பாக்களை அடுக்கினாள். சித்தி வழக்கத்தைவிட இரண்டு துண்டு மீன் கூடவே வைத்தாள். எப்படியும் மிஞ்சத்தான் போகிறது.

அலுவலகத்தில் டைரக்டர் மீனை முடித்துவிட்டு விரலையும் முடித்தார்.

"எந்தக் கடைம்மா இது? ஞாயித்துக்கிழமை மாமியார் வர்றாங்க. இங்கதான் கூட்டிட்டுப் போகணும். டப்பாவுல பேரும் இல்லை. மீன் சாப்பாடுன்னு போட்டு நம்ம பட்டியல்ல அரை மணி நேரமாத் தேடறேன், கிடைக்கவே மாட்டேங்குது."

விக்கல் வரவில்லை.

"கிடைக்காது சார்" என்றாள் மியூட். அவள் குரலை அந்த அறை முதன்முறையாகக் கேட்டது. "காலையில நீங்கதான் கையெழுத்துப் போட்டு எடுத்தீங்க. எங்க சித்தி கடை."

மொழி நிபுணரின் தட்டு நீட்டிய இடத்திலேயே நின்றது. கணக்கு நிபுணர் வாயில் இருந்ததை விழுங்கலாமா என்று யோசித்தார்.

"அடடா" என்றார் டைரக்டர். "தெரியாம நடந்துபோச்சும்மா. சாரி."

"பரவாயில்லை சார்" என்றாள் மியூட். "ரெண்டு நட்சத்திரம்."