ஈரத் துண்டும் மைக் செட்டும்

எங்கள் குடும்பத்தில் யாராவது கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால், முதலில் மூடப்படுவது என் வாய்தான். போன மாதம் மைத்துனரின் மகள் கவிதா, ஏதோ பெரிய சர்வரிலிருந்து கழற்றிய பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கித் தன் மேஜைக் கம்ப்யூட்டருக்குள் செருகினாள். தொட்டால் சுட்டது.

"சர்வருக்குள்ள புயலாட்டம் காத்தடிக்குமுங்க மாமா. அந்த நம்பிக்கையில இதுக்குன்னு தனி ஃபேன் வெக்காம உட்டுட்டாங்க" என்றபடி, எதிரே குட்டி ஃபேன் ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தாள். நான் யோசனை சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி சரசு ஒரு பார்வை பார்த்தாள். எழுபதுகளின் நடுவிலிருந்து வருகிற பார்வை அது.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். வண்டன்மேட்டில் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் குமாஸ்தாவாக இருந்தேன். ரேடியோ ரிப்பேரும் பார்ப்பேன். யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. (யாரும் தடுக்கவுமில்லை, அதுதான் வினை.) அந்த மலையில் ரேடியோவுக்கு வருகிற ஒரே நோய் ஈரம். ஏலக்காய் உலர்த்தும் அறையின் சூட்டில் ஒரு பகல் வைத்தால் தானாகப் பாடிவிடும். இப்படிப் பத்து ரேடியோக்கள் பிழைத்ததும் நான் மனதுக்குள் எஞ்சினியராகிவிட்டேன்.

அந்த எஞ்சினியர்தான் மைத்துனர் கல்யாணத்துக்கு மாமனார் ஊரான கொழிஞ்சாம்பாறைக்கு இறங்கி வந்தார்.

மாமனாரின் அக்காவை எல்லோரும் பெரியத்தை என்போம். தாயில்லாத சரசுவையும் மைத்துனரையும் வளர்த்தவர் அவர்தான். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு வழுக்கி விழுந்து கால் முறிந்து, வாய்க்காலுக்கு அக்கரையில் தன் வீட்டுக் கட்டிலில் கிடந்தார். கட்டிலோடு தூக்கி வருகிறோம் என்றதற்கு, "கண்ணாலத்துக்கு நானென்ன சப்பரத்துலயா வர்றது? மங்கல வாழ்த்து எங்காதுல உளுந்தாப் போதும்" என்றுவிட்டார். மங்கல வாழ்த்து எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பாடுகிற நீளமான வாழ்த்துப் பாட்டு. அதற்காகவே மைக் செட் பிடித்து, ஒரு குழாய் ஸ்பீக்கரை அவர் வீட்டைப் பார்த்துக் கட்டினார்கள்.

முகூர்த்தத்துக்குச் சற்று முன் ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து பாடிக் கொதித்துக்கிடந்தது. ஈரத்துக்குச் சூடு மருந்தென்றால், சூட்டுக்கு ஈரம்தானே மருந்து? மூடியைக் கழற்றச் சொல்லி, எதிரே டேபிள் ஃபேனை வைத்து, நடுவில் ஒரு ஈரத் துண்டைத் தொங்கவிட்டேன்.

மைக் செட்டுக்காரர் ஆறுமுகம் பதறினார். "ஏனுங்க மாப்பிள்ளை, உள்ள இருக்கறது கண்ணாடி வால்வுங்க. அது சூடாத்தான் எரியோணும். காத்து மட்டும் போதுமுங்க, ஈரம் வேண்டாமுங்க."

"பயப்படாதீங்க. நான் பத்து ரேடியோ பார்த்தவன்."

ஆறுமுகம் என் மாமனாரைப் பார்த்தார். அந்த ஊரில் புது மாப்பிள்ளைக்கு மறுப்புச் சொல்கிற வழக்கமே கிடையாது. ஆம்ப்ளிஃபயரில் ரசம் ஊற்றச் சொல்லியிருந்தாலும் 'சூடாவா, ஆறியா?' என்றுதான் கேட்டிருப்பார்கள். மாமனார், "மாப்பிள்ளை சொன்னாச் செரியாத்தான் இருக்குமப்பா" என்றார்.

தாலி ஏறியது. பாட்டு தொடங்கியது. பாட்டுக்காரரின் குரல் வாய்க்காலைத் தாண்டிப் போனது. நான் ஃபேன் அருகே, ஏதோ நானே பாடுவதுபோல் நின்றேன். பாதிப் பாட்டில் துண்டு படபடத்துத் தண்ணீரைத் தெளித்தது. டப்! அடுத்து இன்னொரு டப்! பாடுகிறவரின் வாய் அசைந்தது. குரல் முதல் வரிசையைத் தாண்டவில்லை.

அந்த அமைதியில், அக்கரையிலிருந்து மைக் இல்லாமலே ஒரு குரல் வந்தது. "அடேய், பாட்டு என்னாச்சுடா?"

மாமனார் திட்டவில்லை. (திட்டியிருந்தால் தேவலை.) "மாப்பிள்ளைக்கு ஒரு காஞ்ச துண்டு குடுங்க" என்றார்.

பந்தலில் பாட்டு முடிந்ததும், மணமக்களும் பாட்டுக்காரரும் உறவுமாக வாய்க்கால் வரப்பில் வரிசையாக நடந்தோம். ஆறுமுகம் என் கையில் ஒரு பனையோலை விசிறியைத் திணித்தார். "பாடறவருக்குச் சூடாயிருமுங்க மாப்பிள்ளை. இதுக்கும் ஈரம் வேண்டாமுங்க."

விட்ட இடத்திலிருந்து பாட்டுக்காரர் ஆரம்பித்தார். பெரியத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "மொதல்லருந்து." அவர் முழுதும் பாடினார்; நான் முழுதும் வீசினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த பெரியத்தை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருவர் தலையிலும் கை வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"செட்டு கெட்டதுனாலதான் பாட்டு ஊடு தேடி வந்துச்சு. அடுத்த கண்ணாலத்துக்கும் இவரையே கூப்புடுங்க."

கூப்பிட்டார்கள். அதன்பின் அந்தக் குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும், வாசலில் மற்றவர்களுக்குச் சந்தனம்; எனக்குச் சந்தனத்தோடு ஒரு பனையோலை விசிறி.

போன மாதமும் ஆசை விடவில்லை. சும்மா எட்டிப் பார்ப்போமே என்று, குளித்துவிட்டு வந்த கையோடு கவிதாவின் பின்னால் போய் நின்றேன். அவள் திரும்பாமலே சொன்னாள்:

"மாமா, தோள்ல இருக்கற துண்டக் கொடியில போட்டுட்டு வாங்க."